அளவக்காவின் வலி நோட்டு

வயிற்றுவலி என்று நாலு பேர் காதில் விழும்படி ஒரே ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அடுத்த நிமிடமே நாலு பேரும் வைத்தியராகிவிடுவார்கள். தலைவலிக்கும் கால்வலிக்கும் இந்த உபசாரமெல்லாம் கிடைக்காது. வயிறு என்றால் மட்டும் ஆளாளுக்கு ஒரு காரணம் கைவசம் வைத்திருக்கிறார்கள். அதையும் சமைத்துப் போடுகிறவளைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வார்கள்.

அந்தப் பார்வையை ஒன்றரை வருடம் தாங்கியவள் அளவக்கா. பெரிய அலுவலகம் ஒன்றின் கேன்டீனில் இருநூறு பேருக்குச் சமைக்கிறவள். கரண்டியால் அளக்க மாட்டாள், நாக்கில் விட்டும் பார்க்க மாட்டாள். கையால் அள்ளிப் போட்டால் போதும், உப்பும் காரமும் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கும். அந்தக் கைக்கு வந்த பேர்தான் அளவக்கா. இருநூறு வயிற்றில் ஒரு வயிறுகூட அதுவரை முனகியதில்லை. வீட்டிலிருந்த ஒரே ஒரு வயிறுதான் அவள் மானத்தை வாங்கியது.

அந்த வயிற்றுக்குச் சொந்தக்காரர் அவள் புருஷன். திரை தைக்கிறவர். ஜன்னல் திரையோ மேடைத் திரையோ, அவர் கைபட்டால் மடிப்பு மடிப்பாக நேராக விழும். கடையில் அவருக்குக் கத்திரி என்று பேர். கத்திரி வைத்திருப்பதால் இல்லை, வைத்துக்கொள்ளாததால். நூலோ நாடாவோ, குனிந்து பல்லால் ஒரு கடி, வேலை முடிந்தது. நாற்பத்தெட்டு வயதிலும் முப்பத்திரண்டு பல்லும் ஆடாமல் இருப்பதில் மனிதருக்கு அப்படியொரு கர்வம். புதிதாக வருகிற வாடிக்கையாளர் முன்னால் வேண்டுமென்றே நூலைக் கடித்துக் காட்டுவார்.

வலி சொல்லிக்கொண்டு வராது. தொப்புளைச் சுற்றி யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கும். தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு, முழங்காலை மடக்கிக்கொண்டு தரையில் சுருண்டுவிடுவார். அரைமணி, ஒருமணி நேரம். பிறகு விட்டுவிடும். நாலு நாள் கழித்து மறுபடி வரும். மலம் போவதோ பெரும்பாடு. ஆள் இளைத்து, முகம் வெளிறி, சட்டைக் கழுத்தில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஆகிவிட்டார்.

அவருடைய அக்கா, அதாவது அளவக்காவின் நாத்தனார், வாரம் தவறாமல் வந்து பார்ப்பாள். பார்ப்பது தம்பியை, பேசுவது இவளிடம்.

"உன் கையில காரம் ஜாஸ்திம்மா. எங்கம்மா சமைச்சுப் போட்ட வரைக்கும் தம்பி ஒரு நாளும் வயிறுன்னு படுத்ததில்ல."

"இப்ப காரமே போடறதில்ல அண்ணி."

"அப்ப எண்ணெயா இருக்கும்."

எதிர்வீட்டுக்காரர் பூச்சி என்றார். கடை முதலாளியம்மா, நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்த புண் என்று அடித்துச் சொன்னாள். கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற அம்மாளின் தீர்ப்பு, பால் ஒத்துக்கொள்ளவில்லை என்பது. வைத்தியர்களும் சும்மா இருக்கவில்லை. வாயுவுக்கு மாத்திரை, பூச்சிக்கு மாத்திரை, புண்ணுக்கு மாத்திரை என்று வரிசையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குடல் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. ஒருத்தர், "மனசுல ஏதாவது கவலை இருக்கா?" என்று கேட்டார். "இந்த வலிதாங்க கவலை" என்றார் கத்திரி.

அளவக்கா ஒரு நோட்டுப் போட்டாள். கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. தேதி, காலையில் என்ன, மதியம் என்ன, ராத்திரி என்ன, வலி வந்ததா. வலி வந்த நாளில் தட்டில் எது இருந்ததோ அதற்குத் தடை. முதலில் மிளகாய் போயிற்று. பிறகு புளிப்பு, எண்ணெய், முட்டை, பால், கத்தரிக்காய், உருளைக்கிழங்கு என்று ஒவ்வொன்றாக வீட்டைவிட்டு வெளியேறின. நடுவில் ஒரு பத்து நாள் வலியே இல்லை. அந்தப் பத்து நாளும் புடலங்காய் வைத்திருந்தாள். புடலங்காய்க்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டாள். பதினோராம் நாள் காலையிலும் புடலங்காய்தான். சாயங்காலம் மனிதர் வேலையிலிருந்து திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே சுருண்டார். அன்று அவள் அந்தச் சிவப்பு வட்டத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அவளுக்கே அவள் கைமேல் சந்தேகம் வந்துவிட்டது. கேன்டீனில் அள்ளிய உப்பைப் பாதியாகத் திரும்பக் கொட்டினாள். மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்து, போடாமலே மூடினாள். "என்னக்கா, இப்பல்லாம் சாப்பாடு சப்புனு இருக்கு?" என்று ஒருத்தர் கேட்டதற்கு, அடுப்படிக்குப் பின்னால் போய் நின்று அழுதாள்.

கடைசியில் ஸ்கேனில் ஒரு கல் தெரிந்தது. பித்தப்பையில், பயறு அளவுக்கு.

"எடுத்துடலாம்" என்றார் டாக்டர். "திங்கட்கிழமை வெச்சுக்கலாம்."

"எடுத்தா வலி நின்னுடுங்களா?" அளவக்கா கேட்டாள்.

அந்த டாக்டர் நல்ல மனிதர். பொய் சொல்லவில்லை. "கல்லு இருக்கறது நிஜம். வலி அதனாலதான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ரத்தம் வேற ரொம்பக் குறைவா இருக்கு, அதையும் பாக்கணும். ஆனா வேற காரணம் எதுவும் கண்ணுல படலம்மா."

வெளியே வந்ததும் கத்திரி சொன்னார், "வயித்தைத் திறந்தாச்சும் பாக்கட்டும். இதுக்கு மேல என்னால முடியாது." கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் முடியாது என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதே இல்லை. திறந்தும் வலி நிற்காவிட்டால் இந்த உடம்பு தாங்குமா என்று அவள் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தாள்.

ஆபரேஷனுக்கு முன் ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, கேன்டீனில் இருநூறு பேருக்கு உலை கொதிக்கும் நேரத்தில், அவள் செல்போன் அடித்தது.

"ஆஸ்பத்திரி லேப்லேருந்து பேசறேன்க்கா. அண்ணனைக் கூட்டிட்டு இன்னைக்கு ஒரு தடவை வர முடியுமா?"

"ஏம்மா, ஏதாவது..."

"பயப்பட வேண்டாம். ஒரு விஷயம் கேக்கணும், அவ்வளவுதான்."

பயப்பட வேண்டாம் என்று சொன்னால் யாருக்குத்தான் பயம் வராது. அடுப்பை உதவிக்காரியிடம் விட்டுவிட்டு, கடைக்குப் போய்ப் புருஷனைக் கூட்டிக்கொண்டு ஓடினாள். ஏன் என்று தெரியாமலே வழியில் வீட்டுக்குள் நுழைந்து அந்த நோட்டையும் பையில் போட்டுக்கொண்டாள்.

லேப் என்றால் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சாமான் அறையை ஒட்டி ஒரு சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு மைக்ராஸ்கோப், ரத்தத்தை எண்ணுகிற ஒரு மெஷின். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், வெள்ளைக் கோட்டில் நீலக் கறையோடு உட்கார்ந்திருந்தாள். மேற்குப் பார்த்த பெரிய ஜன்னலில் வெயிலுக்காகச் செய்தித்தாளை ஒட்டி வைத்திருந்தாள். கத்திரியின் கண் நேராக அங்கேதான் போயிற்று. உயிரே போகிற நேரத்திலும் தொழில் புத்தி போகாது. "இவ்வளவு லட்சணமான ஜன்னலுக்குப் பேப்பரா?" என்று முணுமுணுத்தார். அளவக்கா அவர் இடுப்பில் இடித்தாள்.

"டாக்டர்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி நானே தெளிவாத் தெரிஞ்சுக்கணும்னு கூப்பிட்டேன்" என்றாள் லேப் பெண். "மெஷின் எண்ணிச் சொல்லிடும். ஆனா ரத்தம் கம்மின்னு வந்தா நான் ஒரு தடவை கண்ணால பாத்துடுவேன். யாரும் பாக்கச் சொல்லல, எனக்கு அப்படிப் பழகிடுச்சு. அண்ணன் ரத்தத்துல சிவப்பு அணுவுக்குள்ள பொடிப் பொடியா நீலப் புள்ளி இருக்கு. அது எல்லாருக்கும் வராது. அண்ணே, நீங்க என்ன வேலை பண்றீங்க?"

அளவக்கா நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றரை வருடம். என்ன சாப்பிட்டீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள், யார் சமைத்தது என்று கேட்காத ஆளில்லை. என்ன வேலை என்று கேட்டவள் இவள் ஒருத்திதான்.

"திரை தைக்கிறேன்."

பெண்ணின் முகம் கொஞ்சம் வாடியது. "துணியா... பெயின்ட், பேட்டரி அந்த மாதிரி வேலை எதாவது?"

"இல்ல."

"நாட்டு மருந்து, பொடி ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இவ குடுக்கறதைத் தவிர ஒண்ணும் வாயில படறதில்ல."

அளவக்கா நோட்டை எடுத்து நீட்டினாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினாள். சிவப்பு வட்டத்தில் நின்றாள். "இந்தப் பத்து நாள் வலி இல்லையா? அப்ப என்ன விசேஷம்?"

"புடலங்காய்" என்றாள் அளவக்கா.

"கடைக்கு வெள்ளையடிச்சாங்க. பத்து நாள் பூட்டியிருந்துச்சு" என்றார் கத்திரி.

லேப் பெண் பேனாவை வைத்துவிட்டு யோசித்தாள். கத்திரிக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சட்டைக் கையில் ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. குனிந்தார், கடித்தார், துப்பினார்.

"எதையும் பல்லாலதான் அறுப்பீங்களா?"

"கத்திரின்னே பேரு வெச்சிருக்காங்க" என்றார் அவர், அந்த நிலைமையிலும் பெருமையாக.

"நூல் மட்டும்தானா?"

"நூல், நாடா, கனக் கயிறு, எல்லாம்தான்."

"அதென்ன கனக் கயிறு?"

தொழிலைப் பற்றிக் கேட்டால் மனிதருக்கு வலிகூட மறந்துவிடும். விளக்கினார். பெரிய திரை காற்றில் பறக்காமல் நேராக விழ, அடிமடிப்புக்குள் ஒரு கயிறு கோப்பார்கள். துணி உறைக்குள் அரிசி அரிசியாகக் குண்டு வைத்த கயிறு. ஒன்றரை வருடமாக மண்டபங்களுக்குத் தைக்கிற பெரிய ஆர்டர் வருவதால் தினமும் அதுதான். அதைக் கத்திரியால் வெட்டினால் குண்டில் பட்டுக் கத்திரி மழுங்கிவிடும். எந்த இடத்தில் குண்டு இல்லை என்று நாக்குக்குத்தான் தெரியும். தடவிப் பார்த்து இடைவெளியில் ஒரு கடி. முனையைத் தட்டையாக்க, கடைசி இரண்டு குண்டைப் பல்லால் பிதுக்கித் துப்பிவிடுவார். கோக்கும்போது இரண்டு கையும் வேண்டும், அதனால் மிச்சக் கயிறு வாயில் இருக்கும்.

"எவ்வளவு நேரம்?"

"நாள் பூரா."

"குண்டு எதுல செஞ்சது?"

"ஈயம்."

சொன்ன பிறகும் அவருக்கு உறைக்கவில்லை. அளவக்காவுக்கு உறைத்தது. லேப் பெண் எழுந்து வந்து, "வாயைத் திறங்கண்ணே" என்று சின்ன டார்ச்சை அடித்தாள். அவர் பெருமைப்பட்ட முப்பத்திரண்டு பல்லின் அடியில், ஈறு ஓரமாகப் பென்சிலால் கோடு இழுத்த மாதிரி ஒரு கருநீலக் கோடு ஓடியது. தினமும் அதே பல்லைத்தான் அவர் கண்ணாடியில் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார்.

"ஈயம் உள்ள போனா வயித்தை இப்படித்தான் முறுக்கும். மலம் கட்டும், ரத்தம் குறையும்" என்றாள் அவள். "இன்னொரு ரத்தம் எடுத்துப் பெரிய லேப்புக்கு அனுப்பி உறுதி பண்ணணும். டாக்டர்கிட்ட இப்பவே பேசறேன். அதுவரைக்கும் அந்தக் கயித்தைத் தொடவே வேண்டாம்." பிறகு நோட்டை மூடி அளவக்காவிடம் கொடுத்தாள். "இதுல இருக்கற எதுவுமே தப்புப் பண்ணலக்கா. உங்க சமையல்ல ஒரு குத்தமும் இல்ல."

அளவக்கா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவளுக்கு விடத் தோன்றவில்லை. "என் வயித்துல பாலை வாத்தீங்கம்மா" என்றாள். வெளியே வாசலில் இன்னொருவர் ரத்தச் சீட்டோடு காத்திருந்தார். லேப் பெண் மெதுவாகக் கையை உருவிக்கொண்டு அவரைக் கூப்பிட்டாள்.

நாலு நாளில் முடிவு வந்தது. இருக்கக்கூடாத அளவு ஈயம் ரத்தத்தில் இருந்தது. திங்கட்கிழமை ஆபரேஷனை ஏற்கெனவே தள்ளிவைத்திருந்த டாக்டர், இப்போது அதை நிறுத்தியே விட்டார். "அந்தக் கல்லு பாட்டுக்கு இருக்கட்டும், தொந்தரவு குடுத்தா அப்பப் பாக்கலாம்" என்றார். கத்திரியை உள்ளே படுக்கவைத்து, ஈயத்தை இறக்குகிற மருந்து கொடுத்தார்கள். இறங்குவேனா என்று அது அடம் பிடித்தது. முதல் வாரம் வலி வந்தது, இரண்டாவது வாரமும் வந்தது. பிறகு நோட்டில் ஒரு வாரம் முழுக்க வெறும் தேதியாக இருந்தது. பிறகு ஒரு மாதம்.

கடை முதலாளியம்மா விஷயம் கேள்விப்பட்ட அன்றே அந்தக் கயிற்றுச் சுருளையெல்லாம் மூட்டை கட்டித் திருப்பி அனுப்பினாள். வேலையாட்கள் அத்தனை பேரையும் ரத்தம் கொடுக்க அனுப்பிவைத்தாள். மடிப்புத் தைக்கிற பெண்ணுக்கு இவரைப் பார்த்துப் பார்த்துக் கயிற்றைக் கடிக்கிற பழக்கம் தொற்றியிருந்தது. அவள் ரத்தத்திலும் ஈயம் தெரிந்தது, ஆனால் வலி தொடங்கும் முன்பே பிடித்துவிட்டார்கள். அவள் மூன்று மாதக் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறவள். அதைக் கேட்ட அன்று கத்திரி, "அந்த லேப் பொண்ணு மட்டும் கண்ணால பாக்காம விட்டிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நாத்தனார் வந்தாள். தம்பியின் கன்னத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "நான் ஏதோ வாய்த்துடுக்கா..." என்று இழுத்தாள்.

"விடுங்க அண்ணி. நானே என் கையைத்தான் சந்தேகப்பட்டேன்" என்றாள் அளவக்கா. உண்மை அதுதான்.

உடம்பு தேறியதும் கத்திரி செய்த முதல் வேலை, யாரும் கேட்காத ஒரு திரை. அன்று லேப்பில் உட்கார்ந்தபடியே அந்த ஜன்னலைக் கண்ணால் அளந்து வைத்திருந்தாராம் மனிதர், அகலம் இத்தனை, உயரம் இத்தனை என்று. கெட்டியான, வெயிலை விடாத துணி. அடியில் கனம் வைக்காமல் தைத்தால் அவருக்குத் தூக்கம் வராது. ஈயமோ கூடாது. இரண்டு நாள் யோசித்து, இரும்புக் கடையில் சின்னச் சின்ன எஃகு வாஷர்களாகப் பொறுக்கி, ஒவ்வொன்றாக மடிப்புக்குள் வைத்துத் தைத்தார். நூல் முடிகிற இடத்தில் பழக்கத்தில் தலை குனியும். அளவக்கா தொண்டையைக் கனைப்பாள். தலை நிமிரும், கை கத்திரியைத் தேடும்.

ஒரு சாயங்காலம் இருவரும் லேப்புக்குப் போனார்கள். மேற்கு வெயில் செய்தித்தாளின் கிழிசல் வழியாக மைக்ராஸ்கோப்பின்மேல் விழுந்துகொண்டிருந்தது. லேப் பெண்ணுக்கு முதலில் ஆள் அடையாளம் தெரியவில்லை. முகத்தில் ரத்தம் ஊறிய கத்திரியை அவள் பார்த்ததே இல்லையே. தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டாள். திரையைப் பிரித்ததும் அவள் முதலில் செய்தது, அடிமடிப்பைப் பிடித்து விரலால் நசுக்கிப் பார்த்தது.

"உள்ள என்னண்ணே?"

"எஃகும்மா. சத்தியமா எஃகு."

அவர் ஸ்டூல்மேல் ஏறிச் செய்தித்தாளைக் கிழித்துவிட்டுத் திரையை மாட்ட ஆரம்பித்தார். அளவக்கா தூக்குப் பாத்திரத்தை மேஜை ஓரத்தில் வைத்தாள். காய்கறி போட்டுக் கிளறிய சோறு. "நீங்க சாப்பிடுவீங்களோ மாட்டீங்களோன்னு தெரியல. எங்களுக்குக் குடுக்க வேற ஒண்ணும் தெரியாதும்மா. நீங்க இல்லேன்னா இவரை எங்கெங்கயோ அறுத்துப் பாத்துட்டு நான் அப்பவும் நோட்டு எழுதிட்டு இருந்திருப்பேன்."

"மதியமே சாப்பிடலக்கா, இன்னைக்கு அவ்வளவு கூட்டம்" என்று சொல்லி, அந்தப் பெண் கையைக் கழுவிக்கொண்டு பக்கத்து அறையில் போய் உட்கார்ந்து திறந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவது வாயில் நிறுத்தினாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

ஒன்றரை வருடப் பயம் அளவக்காவுக்கு அப்படியே திரும்பி வந்தது. வயிறு என்று சொல்லப்போகிறாளோ.

"ருசியா இருக்கு. ஆனா காரம் பத்தல."

அளவக்கா சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. தன் கையால் இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி ஒரு மனுஷி கேட்டு எவ்வளவு நாளாயிற்று. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு நல்லாப் போட்டு எடுத்துட்டு வரேம்மா" என்றாள்.

அடுத்த அறையில், ஸ்டூலின் மேலிருந்து கத்திரி குரல் கொடுத்தார்.

"எனக்கும் சேத்துப் போடு."